ஒரே ஒரு கமாண்ட்... மொத்த டேட்டாவும் காலி! சர்வரில் கைவைக்கும் முன் ஏஐ ஏஜென்ட் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

"எதையும் மாற்றக்கூடாது" என்று சொல்லி வைத்திருந்தும், பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸ் ஒன்றை ஏஐ ஏஜென்ட் அழித்துவிட்ட சம்பவம் 2025 ஜூலையில் தொழில்நுட்ப உலகை அதிர வைத்தது. அழித்ததோடு நிற்கவில்லை. "இனி மீட்க முடியாது" என்றும் அந்த ஏஜென்ட் சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது!

கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்பாட் என்ற நிலையைத் தாண்டி, சர்வருக்குள் நுழைந்து கமாண்ட் அடிக்கும் அளவுக்கு ஏஐ வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஏஐ ஒன்றை டெலிட் செய்ய விடுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்? "ஜாக்கிரதையா இரு" என்று சொல்லி வைத்தால் போதாதா? விரிவாகப் பார்க்கலாம்.

2025 ஜூலையில் நடந்தது என்ன?

சாஸ்டர் என்ற தொழில்முனைவோர் அமைப்பின் நிறுவனர் ஜேசன் லெம்கின். ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட்டை வைத்து அவர் ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று பேச்சுவழக்கில் சொன்னால் போதும், கோடு எழுதுவது, டேட்டாபேஸை இயக்குவது எல்லாவற்றையும் ஏஜென்ட்டே பார்த்துக்கொள்ளும்.

சில நாட்கள் கழித்து, டேட்டாபேஸ் காலியாகக் கிடப்பதை லெம்கின் பார்க்கிறார். அதில் 1,200க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகள், கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையிலான நிறுவனங்கள் குறித்த பதிவுகள் இருந்தன. மாற்றங்கள் எதையும் செய்யக்கூடாது என்ற 'கோட் ஃப்ரீஸ்' கட்டளை அப்போது அமலில் இருந்ததாக எக்ஸ் தளத்தில் அவர் பதிவிட்டார். அனுமதி இல்லாமல் கமாண்டை இயக்கிவிட்டதாக ஏஜென்ட்டும் ஒப்புக்கொண்டது.

மீட்க வழியில்லை என்று ஏஜென்ட் சொன்ன பிறகும், பழைய நிலைக்குத் திரும்பும் 'ரோல்பேக்' வசதியை லெம்கின் தானாகவே முயன்று பார்த்தார். அது வேலை செய்தது. நடந்தது ஏற்க முடியாதது என்று ரெப்லிட் சிஇஓ அம்ஜத் மசாத் வெளிப்படையாகச் சொன்னார். சோதனைக்கான டேட்டாபேஸையும் உண்மையான பயன்பாட்டில் உள்ள டேட்டாபேஸையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நிறுவனம் அறிவித்த தீர்வு, "இன்னும் கண்டிப்பாகக் கட்டளை போடுவோம்" என்பது கிடையாது. ஏஜென்ட்டின் கை எட்டாத இடத்தில் உண்மையான டேட்டாவை வைப்பதுதான்.

ஏஐ ஏஜென்ட் என்றால் என்ன? அது எப்படி சர்வருக்குள் போகிறது?

சாதாரண சாட்பாட்டிடம் "சர்வரில் இடம் இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால், நான்கு யோசனை சொல்லும். செய்வதும் விடுவதும் நம் கையில்.

ஏஜென்ட் அப்படி இல்லை. அதனிடம் டெர்மினல், அதாவது கமாண்ட் அடிக்கும் திரை கொடுக்கப்பட்டிருக்கும். "சர்வரில் இடம் இல்லை, சரி பண்ணு" என்றால், அதுவே ஒரு கமாண்ட் அடிக்கும். வரும் பதிலைப் படிக்கும். அதை வைத்து அடுத்த கமாண்டை முடிவு செய்யும். வேலை முடிந்ததாக அதற்குத் தோன்றும்வரை இது தொடரும்.

மனிதர் ஒருவர் ஐந்து நிமிடம் யோசித்து அடிக்கும் கமாண்டை, ஏஜென்ட் சில விநாடிகளில் அடித்துவிடும். "ஐயோ தப்பாப் போச்சே" என்று பதறி நிறுத்த இடைவெளியே இருக்காது. வேகம்தான் இதன் பலம், ஆபத்தும் அதுவே.

மனிதர்கள் இந்தத் தவறைச் செய்ததே இல்லையா?

நிறையவே செய்திருக்கிறார்கள். இன்றைக்கு ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லும் பாடங்கள் பலவும் அந்தத் தவறுகளில் கற்றவைதான்.

2017 ஜனவரி 31. கோடுகளைச் சேமிக்கும் தளமான கிட்லேபில் இரவு வேளையில் டேட்டாபேஸ் பிரச்னை. துணை சர்வரில் இருந்த ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு, புதிதாக நகல் எடுக்க நினைத்தார் ஒரு பொறியாளர். ஆனால் அவர் கமாண்ட் அடித்தது முதன்மை சர்வரில்! ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால், அங்கேயும் அதிர்ச்சி. வழக்கமான பேக்கப் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் இமெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

அதே ஆண்டு பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் சில சர்வர்களை மட்டும் விலக்க வேண்டியிருந்தது. கமாண்டில் ஒரு உள்ளீடு தவறாக விழ, தேவைக்கு அதிகமான சர்வர்கள் விலக்கப்பட்டன. சுமார் நான்கு மணி நேரம் அந்தச் சேவையை நம்பியிருந்த ஏராளமான இணையதளங்கள் திணறின. அதன்பின் அந்தக் கருவியையே அமேசான் மாற்றியது. சர்வர்களை மெதுவாகத்தான் விலக்க முடியும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவே முடியாது என்று கட்டுப்பாடு போட்டது.

2022 ஏப்ரலில் அட்லாசியன் நிறுவனத்தில் நடந்தது இன்னும் பெரிது. பழைய செயலி ஒன்றை நீக்குவதற்காக ஒரு ஸ்கிரிப்ட் தயாரானது. செயலிகளின் அடையாள எண்களுக்குப் பதில், வாடிக்கையாளர் தளங்களின் அடையாள எண்கள் பட்டியலில் வந்துவிட்டன. ஸ்கிரிப்ட் ஓடியது வெறும் 23 நிமிடம். 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்தன. சிலருக்குத் தளம் திரும்பக் கிடைக்க 14 நாட்கள் ஆனது.

இந்த ஸ்கிரிப்டை இன்னொருவர் சரிபார்த்திருந்தார். 30 தளங்களில் முதலில் ஓட்டியும் பார்த்தார்கள். அந்த 30க்கும் சரியான எண்கள் இருந்ததால் பிரச்னை வரவில்லை. 'எப்படி அழிக்கிறது' என்பதைச் சரிபார்த்தவர்கள், 'எதை அழிக்கிறது' என்பதைச் சரிபார்க்கவில்லை.

அழிக்கும் முன் ஏஜென்ட் பார்க்க வேண்டியவை என்ன?

மேலே பார்த்த சம்பவங்களிலிருந்தே ஒரு பட்டியல் கிடைக்கிறது.

1. எங்கே இருக்கிறோம்?

கமாண்ட் எந்த சர்வரில் ஓடப்போகிறது? சோதனை சர்வரா, உண்மையான சர்வரா? எந்த கிளவுட் கணக்கு? எந்த ஃபோல்டர்? கிட்லேப் சம்பவத்தில் தவறியது இந்த முதல் கேள்விதான். பத்து நிமிடத்துக்கு முன் பார்த்தோமே என்று விடக்கூடாது. அழிக்கும் கமாண்டுக்கு முந்தைய படியில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

டெபியன் லினக்ஸில் 'மோலி கார்டு' என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு. தொலைவிலிருந்து இணைந்திருக்கும்போது சர்வரை ஷட் டவுன் செய்யச் சொன்னால், "இந்த சர்வரின் பெயரை டைப் செய்யுங்கள்" என்று கேட்கும். பெயர் தவறினால் நகராது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது. ஐபிஎம் கணினி ஒன்றின் பெரிய சிவப்பு சுவிட்சை, புரோகிராமர் ஒருவரின் குட்டி மகள் மோலி ஒரே நாளில் இரண்டு முறை அழுத்திவிட்டாளாம். அதனால் சுவிட்சுக்கு மூடி போட்டார்கள். அந்த மூடியின் பெயர்தான் இன்று மென்பொருளுக்கு.

2. எது அழியப்போகிறது? எத்தனை?

அழிப்பதற்கு முன், அழியப்போகும் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 'டிரை ரன்' என்று பெயர். ஒத்திகை மாதிரி. டெர்ராஃபார்ம் போன்ற கருவிகளில் 'பிளான்' என்ற படி இருப்பது இதற்காகத்தான். எத்தனை புதிதாக வரும், எத்தனை மாறும், எத்தனை அழியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

'12 பழைய ஃபைல்களை நீக்கு' என்பது வேலை. பட்டியலில் 12,000 வருகிறது. அப்படியானால் அங்கேயே நிற்க வேண்டும்.

காலியாக இருக்கும் பெயர்களும் ஆபத்து. '__ என்ற ஃபோல்டருக்குள் இருப்பதை எல்லாம் அழி' என்று கமாண்ட் இருந்து, அந்த இடத்தில் பெயர் வராமல் போனால், கணினியின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கிவிடும். 2015இல் கேம் தளமான ஸ்டீமின் லினக்ஸ் பதிப்பில் இதே பிழையால் பயனர்களின் சொந்த ஃபைல்கள் அழிந்தன.

3. இதை யார் பயன்படுத்துகிறார்கள்?

'பழையது' என்று பெயர் வைத்திருப்பதாலேயே ஒன்று பயன்பாட்டில் இல்லை என்று ஆகிவிடாது. அந்த டேட்டாபேஸுக்கு இப்போது யாராவது இணைந்திருக்கிறார்களா? கடைசியாக எப்போது படிக்கப்பட்டது? மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் சம்பளக் கணக்கு அதை நம்பியிருக்கிறதா? இதெல்லாம் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும்.

4. பேக்கப் இருக்கிறதா? அது திரும்ப வருமா?

'பேக்கப் இருக்கு' என்பதற்கும் 'பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தோம், வருது' என்பதற்கும் நிறைய தூரம். எப்போது எடுத்தது, எவ்வளவு அளவு, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். 300 ஜிபி டேட்டாபேஸுக்குச் சில கேபி அளவில் ஒரு பேக்கப் ஃபைல் இருந்தால், அது பேக்கப் அல்ல.

இன்னொன்று. எந்தக் கணக்கால் டேட்டாவை அழிக்க முடியுமோ, அதே கணக்கால் பேக்கப்பையும் அழிக்க முடிந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் போகலாம்.

5. அழிக்காமலேயே வேலையை முடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். ஃபோல்டரை அழிப்பதற்குப் பதில் பெயரை மாற்றி வைக்கலாம். சர்வரை நீக்குவதற்குப் பதில் நிறுத்தி வைக்கலாம். ஒரு வாரம் யாரும் தேடவில்லை என்றால் அப்புறம் அழிக்கலாம்.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்டை மூடினால், 30 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். அமேசான் கிளவுடில் பூட்டுச் சாவியான என்கிரிப்ஷன் கீயை உடனே அழிக்கவே முடியாது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் காத்திருக்க வேண்டும். சாவி போனால் அதனால் பூட்டப்பட்ட டேட்டாவும் போன மாதிரிதான் என்பதால் இந்தக் கெடு.

6. சரியான நபர் ஒப்புக்கொண்டாரா?

'தொடரலாமா?' என்று கேட்டு 'ஓகே' வாங்குவது ஒப்புதல் ஆகாது. எந்த சர்வர், எந்த டேட்டா, எவ்வளவு, திரும்பப் பெற முடியுமா, எப்படி என்பதைச் சாதாரண மொழியில் சொல்லிக் கேட்க வேண்டும். நேற்று ஒரு ஃபைலுக்குக் கொடுத்த அனுமதி, இன்றைக்கு இன்னொரு ஃபைலுக்குச் செல்லாது. பதில் வரவில்லை என்றால் அதுவும் சம்மதம் இல்லை.

7. ஒவ்வொரு படியும் முடிந்ததா?

2025 ஜூலையிலேயே கூகுளின் ஜெமினி சிஎல்ஐ கருவியிலும் ஒரு சம்பவம் நடந்தது. பயனர் ஒருவர் ஃபைல்களைப் புதிய ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னார். பிறகு அவர் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய ஃபோல்டர் உருவாகவே இல்லை. உருவாகிவிட்டதாக ஏஜென்ட் நினைத்துக்கொண்டது. இல்லாத ஃபோல்டருக்கு ஃபைலை நகர்த்தச் சொன்னால், விண்டோஸ் அந்த ஃபைலுக்கே அந்தப் பெயரை வைத்துவிடும். அடுத்தடுத்த ஃபைல்களுக்கும் அதே பெயர். ஒவ்வொன்றும் முந்தையதை அழித்துக்கொண்டே போனது.

டெலிட் என்ற கமாண்டே அங்கே அடிக்கப்படவில்லை! நகர்த்துவது, பெயர் மாற்றுவது, மேலெழுதுவது எல்லாமே அழிக்கும் வேலையாக மாறலாம். அதனால் ஒரு படி முடிந்ததா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

ஓர் உதாரணம்: சர்வரில் இடம் இல்லை, என்ன செய்வது?

சர்வர் நிர்வாகத்தில் தினமும் வரும் தலைவலி இது. டிஸ்க் 98 சதவீதம் நிரம்பிவிட்டது. ஏஜென்ட்டிடம் "சரி பண்ணு" என்கிறார்கள்.

அவசரப்படும் ஏஜென்ட் பெரிய ஃபோல்டர்களைத் தேடும். 'லாக்' என்று பெயர் உள்ள ஒன்று பெரிதாக இருக்கும். லாக் என்றால் பழைய பதிவேடுதானே, அழித்துவிடலாம் என்று முடிவு செய்யும்.

இதில்தான் ஒரு பழைய பொறி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'பிஜி எக்ஸ்லாக்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயரில் 'லாக்' இருந்தாலும், அது டேட்டாபேஸின் உயிர்நாடி. மாற்றங்கள் முதலில் அங்கேதான் எழுதப்படும். சாதாரணப் பதிவேடு என்று நினைத்துப் பலரும் அதை அழித்து, டேட்டாபேஸையே இழந்தார்கள். கடைசியில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில், அந்த ஃபோல்டரின் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றிவிட்டார்கள்.

நிதானமான ஏஜென்ட் வேறு மாதிரி போகும். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் எடுக்கும். அந்த ஃபைல்களை எந்த மென்பொருள் திறந்து வைத்திருக்கிறது என்று பார்க்கும். டேட்டாபேஸ் சம்பந்தப்பட்டதைத் தொடாது. திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிக ஃபைல்களையும், இன்ஸ்டாலேஷனுக்காக இறக்கிய பழைய பேக்கேஜ்களையும் மட்டும் தனியாகப் பிரிக்கும். "இவ்வளவு ஜிபி கிடைக்கும், இந்தப் பட்டியலை நீக்கலாமா?" என்று கேட்கும்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. லினக்ஸில் ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால், பெயர் மறைந்துவிடும், ஆனால் இடம் கிடைக்காது. அந்த மென்பொருள் ஃபைலை விடும்வரை இடம் பிடித்தபடியே இருக்கும். இது தெரியாத ஏஜென்ட், "அழித்தும் இடம் வரலையே" என்று அடுத்தடுத்த ஃபைல்களையும் அழிக்கத் தொடங்கலாம். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு காரணம் தேட வேண்டும், இன்னும் பலமாக முயலக்கூடாது.

'அழிக்காதே' என்று சொல்லி வைத்தால் போதாதா?

போதாது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கட்டளை, அது படிக்கும் பல வரிகளில் ஒன்று மட்டுமே. வேலை நீள நீள, ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். அதற்கு நடுவே ஆரம்பத்தில் சொன்ன ஒரு வரி எல்லா நேரமும் ஒரே வலுவோடு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. லெம்கின் சம்பவத்திலும் கட்டளை இருந்தது. பூட்டுதான் இல்லை.

வெளியாட்களின் கட்டளையும் உள்ளே வரலாம். 2025 ஜூலையில் அமேசான் க்யூ டெவலப்பர் என்ற கருவியின் விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்குள், ஒருவர் விஷமத்தனமான கட்டளையை நுழைத்துவிட்டார். கணினியிலும் கிளவுடிலும் உள்ளவற்றைத் துடைத்து அழிக்கச் சொல்லும் கட்டளை அது. அந்தப் பதிப்பு பயனர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எழுதியதில் இருந்த பிழையால் அது இயங்கவில்லை, வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அமேசான் தெரிவித்தது. அந்தப் பிழை இல்லாமல் இருந்திருந்தால் நிலைமை வேறு.

மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், ஏஐ மொழி மாடல்களைச் சார்ந்த செயலிகளுக்கான பத்து முக்கிய ஆபத்துகளைப் பட்டியலிட்டிருக்கிறது. தேவைக்கு அதிகமான அதிகாரத்தை ஏஐக்குக் கொடுப்பது அதில் ஒன்று.

அப்படியென்றால் பூட்டு எங்கே போடுவது?

ஏஜென்ட்டுக்கு வெளியே போட வேண்டும். அதாவது, அது நினைத்தாலும் மீற முடியாத இடத்தில்.

• வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். படிக்க வேண்டிய வேலை என்றால், படிக்க மட்டுமே முடிகிற கணக்கு. அட்மின் பாஸ்வேர்டை அப்படியே தூக்கிக் கொடுக்கக் கூடாது.

• சோதனைக்கும் உண்மைக்கும் தனித்தனி சாவி. சோதனை சர்வரில் வேலை பார்க்கும் ஏஜென்ட்டிடம், உண்மையான சர்வரின் பாஸ்வேர்டு இருக்கவே கூடாது. ஏதோ ஒரு ஃபைலில் அது எழுதி வைக்கப்பட்டிருந்தால், ஏஜென்ட் அதையும் தேடி எடுத்துவிடலாம்.

• டெலிட் பாதுகாப்பு. அமேசான் உள்ளிட்ட கிளவுட் சேவைகளில், டேட்டாபேஸுக்கு 'டெலிட் புரொடெக்‌ஷன்' என்ற வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால், முதலில் அதை ஆஃப் செய்யாமல் அழிக்க முடியாது. அதை ஆஃப் செய்யும் அனுமதி ஏஜென்ட்டிடம் இருக்கக் கூடாது.

• எண்ணிக்கை வரம்பு. ஒரு நேரத்தில் இத்தனைக்கு மேல் அழிக்க முடியாது என்று கருவியிலேயே கட்டுப்பாடு. அமேசான் 2017இல் செய்தது இதைத்தான்.

• பதிவு. எந்த கமாண்ட், எப்போது, யார் ஒப்புதலில் ஓடியது என்பது ஏஜென்ட்டால் மாற்ற முடியாத இடத்தில் பதிவாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டால் வேலை நடக்குமா?

நியாயமான கேள்வி. ஒரு மணி நேரத்தில் ஐம்பது முறை 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டால், ஐந்தாவது முறைக்குப் பிறகு யாரும் படிக்க மாட்டார்கள். செயலியின் நிபந்தனைகளுக்கு 'ஐ அக்ரீ' அழுத்துவது மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடுவார்கள். அல்லது 'எல்லாவற்றுக்கும் ஓகே' என்ற வசதியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஐம்பத்தொன்றாவது கேள்வி டேட்டாபேஸ் பற்றியதாக இருந்தால்?

அதனால் வேலைகளைப் பிரித்து வைப்பதே வழி. பார்ப்பது, படிப்பது போன்றவற்றுக்கு அனுமதி வேண்டாம். மாற்றலாம், ஆனால் எளிதில் பழையபடி ஆக்கிவிடலாம் என்பவற்றைப் பதிவு செய்துவிட்டுச் செய்யலாம். திரும்பப் பெற முடியாதவற்றுக்கு மட்டும் கட்டாயம் மனித ஒப்புதல். கேள்வி குறைவாக வந்தால்தான், வரும் கேள்வியை மனிதர் படிப்பார்.

கிட்ஹப் தளத்தில் ஒரு ரெபாசிட்டரியை அழிக்கும்போது அதன் பெயரை டைப் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். பழக்கதோஷத்தில் அழுத்த முடியாது. ஒரு நிமிடம் நின்று படித்தே ஆக வேண்டும். ஆனால் இதை ஏஜென்ட்டே டைப் செய்யும்படி விட்டால் அர்த்தமே போய்விடும். பெயரை டைப் செய்ய வேண்டியது மனிதர்.

தவறு நடந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

முதல் வேலை, ஏஜென்ட்டை நிறுத்துவது. "நீயே சரி பண்ணு" என்று அதனிடமே கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம். அதற்குக் கொடுத்த பாஸ்வேர்டு, சாவிகளை ரத்து செய்ய வேண்டும்.

அடுத்து, அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழிந்த ஃபைல்கள் இருந்த இடத்தில் புதிய டேட்டா விழுந்துவிட்டால், மீட்கும் வாய்ப்பு குறையும். முடிந்தால் அந்த நிலையிலேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாம்.

மூன்றாவது, ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொன்னாலும் சரி, 'எதுவும் மிஞ்சவில்லை' என்று சொன்னாலும் சரி. லெம்கின் அதன் பேச்சை நம்பியிருந்தால், ரோல்பேக் முயற்சியே நடந்திருக்காது. கிளவுட் நிறுவனத்தின் உதவி மையத்தை உடனே தொடர்புகொள்வது நல்லது. சில சேவைகளில் அழித்த பிறகும் சில நாட்களுக்கு டேட்டா இருக்கும்.

பொறுப்பு யாருக்கு?

"ஏஐ தப்பு பண்ணிடுச்சு" என்று சொல்வது எளிது. ஆனால் அதற்கு அட்மின் அனுமதி கொடுத்தது யார்? சோதனையையும் உண்மையையும் பிரிக்காமல் விட்டது யார்? பேக்கப்பை மீட்டுப் பார்க்காதது யார்?

கிட்லேப் 2017இல் செய்தது இங்கே நினைவுகூரத் தக்கது. நடந்ததை முழுமையாக வெளியிட்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஒரு பொறியாளரைக் குற்றவாளியாக்காமல், தனி மனிதரின் ஒரு தவறு இவ்வளவு பெரிய சேதமாக மாற வழிவிட்ட ஏற்பாடுகளைத் தேடினார்கள். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று தெளிவாகத் தெரியும்படி டெர்மினல் திரையை மாற்றுவதும் அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று. ஏஜென்ட் விஷயத்திலும் அதே தேடல்தான் பயன் தரும்.

சிறிய நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

தனி பாதுகாப்புக் குழு வைக்க வசதி இல்லாதவர்கள், ஏஐ ஏஜென்ட்டுக்கு சர்வர் அனுமதி கொடுப்பதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

• கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து டேட்டாவை மீட்டுப் பார்த்தோம்?

• ஏஜென்ட் பயன்படுத்தும் கணக்கால் அந்த பேக்கப்பை அழிக்க முடியுமா?

• சோதனை சர்வரும் உண்மையான சர்வரும் தனித்தனியா?

• திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கு யார் ஒப்புதல் தருவது? அவர் லீவில் இருந்தால்?

• தவறு நடந்தால் ஏஜென்ட்டை எப்படி நிறுத்துவது என்று குறைந்தது இரண்டு பேருக்காவது தெரியுமா?

இதில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், அது கிடைக்கும்வரை ஏஜென்ட்டுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுப்பது பாதுகாப்பானது. பிரச்னையைக் கண்டுபிடிக்கவும், தேவையான கமாண்டை எழுதித் தரவும் அதுவே போதும். அந்த கமாண்டைப் படித்துப் பார்த்து, மனிதர் ஒருவர் அடித்துக்கொள்ளலாம்.